பல் போன பின் தாடை எலும்பு: பிடுங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

பல் வலி தாங்க முடியவில்லை. மருத்துவரிடம் செல்கிறீர்கள். பல்லைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்கள். பிடுங்கிய சில நாட்களில் வலி போகிறது, சில வாரங்களில் ஈறு மூடிக்கொள்கிறது. பிரச்சினை முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம்.

ஆனால் ஈறுக்கு அடியில் இன்னொரு மாற்றம் அப்போதுதான் தொடங்குகிறது. பல்லைத் தாங்கி நின்ற தாடை எலும்பு மெல்ல மெல்லத் தேய்கிறது. வலி இல்லாததால் இது நமக்குத் தெரிவதில்லை. பொய்ப்பல் ஆடத் தொடங்கும்போதோ, பல ஆண்டுகள் கழித்து நிரந்தரப் பல் பொருத்த விரும்பும்போதோதான் தெரிய வருகிறது.

பல் போன இடத்தை என்ன செய்வது என்பதைப் பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே உங்கள் பல் மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். அப்போது உங்களுக்கு இருக்கும் தெரிவுகள் காலம் செல்லச் செல்லக் குறையும்.

எலும்பு ஏன் தேய்கிறது?

நம் தாடையில் இரண்டு வகையான எலும்புப் பகுதிகள் உள்ளன. ஒன்று, தாடையின் அடித்தளம். மற்றொன்று, அதன்மேல் மேடுபோல் அமைந்து பற்களின் வேர்களைச் சூழ்ந்திருக்கும் பற்குழி எலும்பு. பற்கள் முளைக்கும்போது இந்த இரண்டாவது பகுதியும் அவற்றோடு சேர்ந்தே வளர்கிறது. பற்களைத் தாங்குவதுதான் அதன் வேலை.

பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். நீங்கள் உணவைக் கடிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த நார்கள் எலும்பை இழுத்துத் தூண்டுகின்றன. எலும்பு உயிருள்ள திசு. பழையது கரைவதும் புதியது உருவாவதும் அதில் இடைவிடாமல் நடக்கின்றன. வேலை இருக்கும் வரை இரண்டும் சமநிலையில் இருக்கும்.

பல் போய்விட்டால் அந்த நார்களும் போய்விடும், தூண்டுதலும் நின்றுவிடும். கரைவது கூடி, உருவாவது குறையும். படுத்த படுக்கையாக இருப்பவரின் கால் தசைகள் மெலிவதைப் போல, வேலை இழந்த பற்குழி எலும்பும் சுருங்கத் தொடங்கும்.

எவ்வளவு தேயும்? எவ்வளவு காலத்தில்?

ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் இது மாறுபடும். பொதுவாக நடப்பது இதுதான்:

• முதல் நாள்: பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து கட்டியாகும். குழி ஆறுவதற்கு இதுவே அடிப்படை.
• முதல் சில வாரங்கள்: குழியின் மேல் ஈறு வளர்ந்து மூடும். வெளியிலிருந்து பார்க்கும்போது ஆறிவிட்டதாகத் தோன்றும்.
• 3 முதல் 6 மாதங்கள்: குழியின் உள்ளே புதிய எலும்பு நிரம்பும். அதே வேளையில் குழியின் சுவர்கள், குறிப்பாக உதடு அல்லது கன்னம் பக்கத்துச் சுவர், கரைந்து மேடு ஒடுங்கும்.
• 12 மாதங்கள்: கடைவாய்ப் பற்களில் ஒன்றை மட்டும் எடுத்தவர்களை ஆராய்ந்தபோது, முதல் ஓராண்டில் எலும்பு மேட்டின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது தெரியவந்தது. அந்த இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே ஏற்பட்டது.
• அதன் பிறகு: வேகம் குறையும். ஆயினும் தேய்மானம் வாழ்நாள் முழுவதும் தொடரலாம்.

உயரத்தைவிட அகலமே முதலில் அதிகம் குறைகிறது. முன்பற்களின் உதட்டுப் பக்கத்து எலும்பு பலருக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. அதனால் முன்பல் போன இடத்தில் உட்குழிவு விரைவில் தெரியும்.

முழுப் பொய்ப்பல் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை கவனித்த ஓர் ஆய்வு 1972இல் வெளியானது. கீழ்த்தாடையின் முன்பகுதி, மேல்தாடையைவிடச் சுமார் 4 மடங்கு அதிகமாகத் தேய்ந்ததை அது காட்டியது. "மேல் செட் நன்றாக நிற்கிறது, கீழ் செட்தான் நிற்பதே இல்லை" என்று மூத்தோர் பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தேய்ந்தால் என்ன ஆகும்?

ஒரு பல் மட்டும் போயிருந்தால் விளைவு சிறியதாக இருக்கலாம். பல பற்கள் போய்ப் பல ஆண்டுகள் கடந்துவிட்டால் பின்வருபவை ஏற்படக்கூடும்:

• பொய்ப்பல் தளர்ந்து ஆடும். பேசும்போது நழுவும். ஈறில் உராய்ந்து புண் உண்டாகும்.
• கீழ்த்தாடை அதிகம் தேய்ந்தால், எலும்பின் உள்ளிருந்து வெளிவரும் நரம்பு மேட்டின் மேற்பகுதிக்கு அருகே வந்துவிடும். பொய்ப்பல் அதை அழுத்தும்போது சுருக்கென்று வலிக்கும்.
• மேல்தாடையில் கடைவாய்ப் பற்கள் போன இடத்தில், மூக்கின் பக்கத்திலுள்ள காற்றறை கீழ்நோக்கி விரிவடையலாம். அங்கே உள்வைப்புப் பல் பொருத்துவதற்கு எலும்பு போதாமல் போகும்.
• உதடும் கன்னமும் உள்வாங்கும். மூக்குக்கும் தாடைக்கும் இடையே உள்ள தூரம் குறைந்து முகம் சுருங்கித் தெரியும்.
• மிகவும் மெலிந்த கீழ்த்தாடை, கீழே விழுந்தால் முறியும் அபாயம் அதிகம்.

இவற்றோடு, பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கிச் சாய்வதும், எதிர்ப்பக்கப் பல் அந்த இடத்திற்குள் இறங்குவதும் நேரலாம்.

உணவிலும் இதன் பாதிப்பு தெரியும். பொய்ப்பல் சரியாக நிற்காதவர் முதலில் கைவிடுவது பச்சைக் காய்கறி, பழம், இறைச்சி, கொட்டைகள் போன்றவற்றைத்தான். அவற்றுக்குப் பதிலாகக் கஞ்சி, தேநீரில் நனைத்த ரொட்டி, பிஸ்கட் என்று மென்மையான மாவுச்சத்து உணவுகள் கூடுகின்றன. நீரிழிவு நோய் உள்ளவருக்கு இது கூடுதல் கவலை. உங்கள் வீட்டுப் பெரியவர் "எனக்குப் பசியில்லை" என்று அடிக்கடி சொன்னால், அவருடைய பொய்ப்பல் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிடுங்குவதற்கு முன்

முதல் கேள்வி, பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதே. சொத்தைப் பல்லை நிரப்புவதன் மூலமோ, வேர்க்குழாய் சிகிச்சை செய்து மேலே உறை போடுவதன் மூலமோ காப்பாற்ற முடிந்தால், எலும்பைப் பாதுகாக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் எல்லாப் பற்களையும் காப்பாற்ற முடியாது. ஈறு நோயால் ஆடும் பல்லைச் சுற்றி எலும்பு ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும். சீழ் பிடித்த, காப்பாற்ற முடியாத பல்லைப் பயத்தினால் வைத்துக்கொண்டே இருந்தால் எலும்பு இழப்பு இன்னும் கூடும். பிடுங்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், தள்ளிப்போடாமல் திட்டத்தோடு பிடுங்குவதே நல்லது.

பின்வரும் கேள்விகளை மருத்துவரிடம் கேளுங்கள். மறந்துவிடும் என்றால் இந்தப் பக்கத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

1. இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா? காப்பாற்றினால் எவ்வளவு காலம் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்?
2. பல் போன இடத்தை நிரப்பியே ஆக வேண்டுமா, அப்படியே விடலாமா?
3. நிரப்ப வேண்டுமானால் என்னென்ன வழிகள் உள்ளன? ஒவ்வொன்றின் செலவு என்ன?
4. உள்வைப்புப் பல்லை நான் பின்னர் விரும்பக்கூடும். அதற்காக இப்போதே எலும்பைப் பாதுகாக்க ஏதாவது செய்ய வேண்டுமா?
5. நான் சாப்பிடும் மருந்துகளால் ஏதும் சிக்கல் வருமா?

நீங்கள் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிச் சொல்லுங்கள்

எலும்புப்புரை நோய்க்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ தரப்படும் சில மருந்துகள், பல் பிடுங்கிய பின் தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடும். அலெண்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் அமில ஊசி, டெனோசுமாப் ஊசி ஆகியவை அவற்றுள் சில. எலும்புப்புரைக்காக இவற்றைப் பெறுவோரில் மிகச் சிலருக்கே இந்தச் சிக்கல் வருகிறது. இருந்தாலும் மருத்துவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

தலை அல்லது கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றிருந்தால், எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அதைச் சொல்லுங்கள். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளைப் பற்றியும் சொல்லுங்கள்.

முக்கியக் குறிப்பு: பல் பிடுங்கப் போகிறோம் என்பதற்காக எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். ஊசி போடும் தேதியையும் நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். பல் மருத்துவரும் உங்கள் மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள்.

காலி இடத்திற்கு என்ன வழி?

அப்படியே விடுதல்
ஞானப்பல் போன இடத்தை நிரப்பத் தேவையில்லை. வாயின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் இல்லாமலும் பலர் நன்றாக மென்று சாப்பிடுகிறார்கள். எல்லா இடைவெளிகளையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. தெரிந்தே விடுவது ஒன்று, தெரியாமல் விட்டுவிடுவது வேறொன்று. மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

கழற்றி மாட்டும் பொய்ப்பல்
செலவு குறைவு. பல பற்களுக்குச் சேர்த்து ஒன்றாகச் செய்யலாம். ஆனால் இது ஈறின்மேல் அமர்கிறது. எலும்புக்குள் தூண்டுதலைக் கொடுப்பதில்லை. ஆகவே எலும்புத் தேய்மானம் தொடரும். பொருத்தம் தளர்ந்தால் உட்புறத்தைச் சீரமைக்கவோ புதிதாகச் செய்யவோ வேண்டும்.

பற்பாலம்
இரு பக்கத்துப் பற்களைத் தாங்கு தூண்களாகக் கொண்டு, நடுவில் செயற்கைப் பல்லை ஒட்டும் முறை இது. பொய்ப்பல்லைவிட உறுதியானது. ஆனால் வழக்கமான பற்பாலத்திற்கு அந்தப் பக்கத்துப் பற்களைச் செதுக்க வேண்டியிருக்கும். நடுப்பல்லின் அடியிலுள்ள எலும்பு தேய்வதை இது தடுக்காது.

உள்வைப்புப் பல்
டைட்டேனியத்தால் ஆன சிறு திருகு எலும்பினுள் பொருத்தப்படுகிறது. எலும்பு அதைச் சுற்றி இறுகப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் ஆகும். பின்னர் அதன்மேல் பல் பொருத்தப்படும். 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இவ்வகை டைட்டேனிய உள்வைப்பு பொருத்தப்பட்டது. கடிக்கும் விசையை எலும்புக்குள் கடத்துவதால், அந்த இடத்து எலும்பை நிலைநிறுத்த இது உதவுகிறது. ஆனாலும் பல் எடுத்த உடனே பொருத்தினால்கூட எலும்பு சிறிதும் தேயாது என்று சொல்ல முடியாது. சரியாகத் துலக்காவிட்டால் உள்வைப்பைச் சுற்றியும் நோய் வந்து எலும்பு கரையும். இது அறுவை சிகிச்சை, செலவும் அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் புகைப்பழக்கமும் இது தோல்வியடையும் அபாயத்தை அதிகரிக்கின்றன.

குழியில் எலும்புத் துகள் நிரப்புதல்
பல்லைப் பிடுங்கும் அதே வேளையில் குழிக்குள் எலும்புத் துகள்களை நிரப்பி மூடுவது இம்முறை. இது தேய்மானத்தைக் குறைக்கும், முற்றிலும் நிறுத்தாது. பின்னர் உள்வைப்புப் பல் பொருத்த நினைப்பவருக்கு இது பயனளிக்கலாம். எல்லாருக்கும் தேவைப்படாது.

இந்தத் துகள்கள் மாடு அல்லது பன்றியிலிருந்தோ, மனித எலும்புக் கொடையிலிருந்தோ, செயற்கைப் பொருளிலிருந்தோ தயாரிக்கப்படுகின்றன. சமய நம்பிக்கை அல்லது உணவுக் கொள்கை காரணமாக உங்களுக்குத் தயக்கம் இருந்தால், எதிலிருந்து செய்யப்பட்டது என்று முன்னரே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாற்றுப் பொருள் இருந்தால் மருத்துவர் சொல்வார்.

பிடுங்கிய பின் முதல் நாட்கள்

குழியில் உள்ள இரத்தக் கட்டியைப் பாதுகாப்பதே முதல் வேலை. அது கலைந்துவிட்டால் எலும்பு வெளியே தெரியும், கடுமையாக வலிக்கும், ஆறவும் தாமதமாகும்.

• தரப்பட்ட பஞ்சுத் துணியைச் சுமார் 30 நிமிடங்கள் அழுத்திக் கடித்துக்கொள்ளுங்கள்.
• முதல் 24 மணி நேரத்திற்கு வாயைக் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், உறிஞ்சுகுழாயில் குடிக்காதீர்கள்.
• மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரால் மென்மையாகக் கொப்பளிக்கலாம்.
• இட்லி, தயிர்சாதம், ஆறிய கஞ்சி போன்றவற்றை மறுபக்கத்தில் மெல்லுங்கள். சூடான பானங்களையும் காரமான உணவையும் தவிருங்கள்.
• புகைபிடிக்காதீர்கள், மது அருந்தாதீர்கள், வெற்றிலை பாக்கும் வேண்டாம்.

2 முதல் 4 நாட்களுக்குள் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினாலோ, அழுத்திக் கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் அல்லது வீக்கம் வந்தாலோ உடனே பல் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் 995 எண்ணை அழையுங்கள்.

பற்கள் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டனவா?

இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். போன எலும்பு தானாகத் திரும்ப வளராது என்பது உண்மை. ஆனால் இருப்பதைக் காக்கவும், நன்றாகச் சாப்பிடவும் வழிகள் உண்டு.

• பொய்ப்பல் இரவில் ஓய்வெடுக்கட்டும். படுக்கும் முன் கழற்றி, தூரிகையும் சோப்பும் கொண்டு கழுவி, சாதாரண நீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வடிவம் கெட்டுவிடும்.
• தளர்ந்த பொய்ப்பல்லைப் பசையால் ஒட்டிக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். நீங்களாகச் சுரண்டிச் சரிசெய்யாதீர்கள். உட்புறத்தைச் சீரமைத்தால் பல நேரங்களில் போதும்.
• ஒரு பல்கூட இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை வாயைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வாய்ப் புற்றுநோய் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிய அது உதவும்.
• கீழ்ப் பொய்ப்பல் நிற்கவே இல்லையென்றால், தாடையின் முன்பகுதியில் 2 உள்வைப்புகளைப் பொருத்தி, அவற்றின்மேல் பொய்ப்பல்லை மாட்டும் முறையைப் பற்றிக் கேளுங்கள். கீழ்த்தாடை மெலிந்த பலருக்கும் இது சாத்தியம்.
• எலும்பு போதாத இடத்தில் எலும்பு ஒட்டுச் சிகிச்சையும் செய்யலாம். அதற்குக் கூடுதல் அறுவை சிகிச்சையும் காலமும் செலவும் தேவை.

பலர் கேட்கும் கேள்விகள்

கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் தாடை எலும்பு தேயாதா?
பல் போன இடத்தில் எலும்பு தேய்வது தூண்டுதல் இல்லாததால். கால்சியம் உடலுக்குத் தேவைதான், ஆனால் இந்தத் தேய்மானத்தை அது நிறுத்தாது.

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை பாதிக்குமா?
இல்லை. பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இந்த அச்சத்தால் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

வயதானால் பல் விழுவது இயற்கைதானே?
இல்லை. பற்கள் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சொத்தையும் ஈறு நோயும்தான். ஃபுளோரைடு பற்பசையால் தினமும் இருமுறை துலக்கி, பல்லிடுக்குகளையும் சுத்தம் செய்து, புகைப்பதைக் கைவிட்டால் முதுமையிலும் சொந்தப் பல்லோடு இருக்கலாம்.

செலவுக்கு உதவி

நீல, ஆரஞ்சு நிற சாஸ் அட்டை வைத்திருப்போர், முன்னோடித் தலைமுறையினர், மெர்டேக்கா தலைமுறையினர் ஆகியோர் சாஸ் திட்டத்தில் பங்கேற்கும் பல் மருந்தகங்களில் கட்டணக் கழிவு பெறலாம். பல் பிடுங்குதல், வேர்க்குழாய் சிகிச்சை, உறை, பொய்ப்பல், பொய்ப்பல்லைச் சீரமைத்தல் ஆகியவை இதில் அடங்கும். கழிவுத்தொகை அட்டையைப் பொறுத்து மாறுபடும். உள்வைப்புப் பல் போன்ற அறுவை சிகிச்சைகளுக்கு, வரம்புக்கு உட்பட்டு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். பல் பிரிவு உள்ள பலதுறை மருந்தகத்திற்கோ சாஸ் பல் மருந்தகத்திற்கோ சென்றால், தேவைப்படும்போது அங்கிருந்து சிறப்பு மருத்துவரிடம் பரிந்துரைப்பார்கள். சிகிச்சையைத் தொடங்கும் முன் மொத்தச் செலவையும், நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• காப்பாற்ற முடிந்த பல்லைக் காப்பாற்றுங்கள்.
• பிடுங்க வேண்டியிருந்தால், அடுத்து என்ன என்பதைப் பிடுங்குவதற்கு முன்பே பேசுங்கள்.
• எலும்பு இழப்பு முதல் 3 மாதங்களில் மிக வேகமாக நடக்கிறது. முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.
• பொய்ப்பல் ஆடினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பல் பிடுங்கச் செல்லும்போது முடிந்தால் உடன் செல்லுங்கள். வலியோடு இருப்பவருக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. அவருக்காக நீங்கள் கேளுங்கள்.